படகின் பற்றரியும் மீனவரின் உயிரும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது தொடக்கம் நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை ஊடாக அக்கரைப்பற்று வரையிலும், அதற்கப்பால் பொத்துவில் வரையிலும் நீண்டு கிடக்கும் அம்பாறைக் கரையோரத்தின் வாழ்வு, ஒருபுறம் வயலோடும் மறுபுறம் கடலோடும் பிணைந்ததாகும். இக்கரையோரத்து மீனவர்களின் பிரச்சினைகள் குறித்துப் பத்திரிகைகள் எழுதாத நாள் இல்லை எனலாம். ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் மூடிக்கொண்டமை, துறைமுகம் அமைக்கப்பட்டதன் பின்னர் தீவிரமடைந்த கடலரிப்பு, 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டமை ஆகியன அவற்றுள் சிலவாகும். இவை பெரிய பிரச்சினைகள். இவற்றுக்கான தீர்வு பெரும்பாலும் மீனவரின் கையில் இல்லை.

ஆனால் மீனவரின் கையிலேயே தீர்வு இருக்கின்ற, எனினும் எவரும் அதிகம் பேசாத ஒரு விடயம் உண்டு. அதுதான் படகின் பற்றரி. பாடநூல்கள் மின்கலம் அல்லது சேமிப்புக்கலம் என்று குறிப்பிடும் இப்பொருள், படகில் உள்ள பொருட்களிலெல்லாம் குறைந்த கவனத்தைப் பெறுவதாகும். இயந்திரத்துக்கு எண்ணெய் பார்க்கின்றோம். வலையின் கண்ணறுந்தால் பொத்துகின்றோம். படகின் அடியில் வெடிப்புக் கண்டால் உடனே அடைக்கின்றோம். பற்றரியையோ அது இறந்துபோகும் நாள்வரை நாம் திறந்து பார்ப்பதில்லை. அது இறந்துபோகும் நாள் கரையில் நிற்கும் நாளாக இருந்தால் நட்டம் பணத்தோடு முடிந்துவிடும். நடுக்கடலில் நிற்கும் நாளாக இருந்தால் என்னவாகும் என்பதையே நாம் இங்கு சிந்திக்க வேண்டியுள்ளது.

கிழக்குக் கரையிலிருந்து தொழிலுக்குச் சென்ற படகு இயந்திரக் கோளாறு காரணமாகத் திசைமாறிப் போனது, நாட்கணக்கில் தகவல் இல்லை, உறவினர்கள் கரையில் காத்திருக்கின்றனர் என்ற செய்திகளை ஆண்டுதோறும் வாசித்து வருகின்றோம். 'இயந்திரக் கோளாறு' என்ற இரண்டு சொற்களுக்குள் பல காரணங்கள் அடங்கியிருக்கும். எரிபொருளில் நீர் கலந்திருக்கலாம். குளிரூட்டும் நீர்க்குழாய் அடைபட்டிருக்கலாம். விசிறியில் வலை சிக்கியிருக்கலாம். இயந்திரம் முற்றிலும் நல்ல நிலையில் இருந்தும், அதனைத் தொடக்குவதற்குப் பற்றரியில் வலு இல்லாமற் போயிருக்கவும் கூடும். இந்தக் கடைசிக் காரணம் ஏனைய காரணங்களைவிட மோசமானது. ஏனெனில் இயந்திரம் பழுதடைந்தால் வானொலியில் உதவி கோரலாம், இரவில் விளக்கைக் காட்டலாம். பற்றரி பழுதடைந்தால் இயந்திரம், வானொலி, விளக்கு, திசைகாட்டும் ஜீ.பி.எஸ். கருவி, படகினுள் சேரும் நீரை இறைக்கும் பம்பி ஆகிய அனைத்தும் ஒரே வேளையில் மௌனமாகிவிடுகின்றன.

எந்தப் படகில் எவ்வாறு?

நமது கரையோரத்தில் பெரும்பாலும் காணப்படுபவை, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளாகும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய சுனாமி இம்மாவட்டத்தின் மீன்பிடிப் படகுகளைப் பெருமளவில் அழித்ததன் பின்னர், அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் வழங்கிய படகுகளிலும் இவ்வகையே அதிகம். இவற்றின் சிறிய இயந்திரங்கள் கயிற்றை இழுத்துத் தொடக்கப்படுபவை. இயந்திரத்தைத் தொடக்கப் பற்றரி தேவையில்லை என்பதால் பற்றரியே முக்கியமில்லை என்று எண்ணுவது தவறாகும். மீனைக் கண்டறியும் கருவி, ஜீ.பி.எஸ்., இரவு விளக்கு, வானொலி எல்லாம் அதிலேயே தங்கியுள்ளன. அதுமட்டுமன்றி, கயிற்றால் தொடக்கும் இயந்திரங்கள் பலவற்றில் பற்றரிக்கு மின்னேற்றும் ஏற்பாடு இருப்பதில்லை. எனவே பற்றரியைக் கரைக்குத் தூக்கிவந்து வீட்டிலோ கடையிலோ மின்னேற்றிக் கொண்டுசெல்ல வேண்டியுள்ளது. அது முழுமையாக ஏறியதா, பாதியளவு ஏறியதா என்பது கடலுக்குப் போன பின்னரே தெரியவருகின்றது.

ஆழ்கடலுக்குச் செல்லும் பல நாட் படகுகளின் நிலை வேறு. அவற்றின் டீசல் இயந்திரங்கள் மின் தொடக்கியினால் இயக்கப்படுபவை. டீசல் இயந்திரம் ஒருமுறை தொடங்கிவிட்டால் ஓடுவதற்குப் பெரும்பாலும் பற்றரி தேவையில்லை. ஆனால் தொழில் நடைபெறும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, வலையை விட்டுக் காத்திருந்து, விளக்குகளையும் கருவிகளையும் இரவு முழுவதும் இயக்கிவிட்டு, விடியற்காலையில் மீண்டும் தொடக்கும்போதுதான் பற்றரியின் உண்மை நிலை வெளிப்படுகின்றது. இலங்கை மீன் ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் விதித்திருந்த தடை, 2016 ஜூன் மாதத்தில் நீக்கப்பட்டது. அக்காலப்பகுதியில் ஆழ்கடற் படகுகளில் செய்மதி மூலமான கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டமை நினைவிருக்கலாம். படகு எங்கே நிற்கின்றது என்பதைக் கரைக்கு அறிவிக்கும் அக்கருவிக்கும் மின்சாரம் வேண்டும்.

பற்றரி ஏன் சாகின்றது?

நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் ஈய அமிலப் பற்றரி, பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாண்டே 1859ஆம் ஆண்டில் கண்டறிந்த முறையிலேயே இன்றும் இயங்குகின்றது. ஈயத் தகடுகளும் ஈயவொட்சைட்டுத் தகடுகளும் ஐதான சல்பூரிக் அமிலத்தில் அமிழ்ந்திருக்கும். 12 வோல்ற்றுப் பற்றரியில் இத்தகைய அறைகள் 6 உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ற்றைத் தரும். மின்சாரத்தை எடுக்கும்போது தகடுகளின் மேல் ஈயசல்பேற்று என்னும் வெண்ணிறப் பொருள் படிகின்றது. மின்னேற்றும்போது அது மீண்டும் கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகின்றது. இதுவே அதன் முழு இரகசியமாகும்.

இந்த வெண்படிவு புதிதாக இருக்கும்போது மென்மையாக இருக்கும். மின்னேற்றாமல் வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அது கல்லைப் போல இறுகிவிடும். அதன் பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் அது முழுமையாகக் கரைவதில்லை. பற்றரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடுகின்றது. பாவனையில் இல்லாத பற்றரியும் தானாகவே மின்னை இழந்துகொண்டிருக்கும். சாதாரண ஈய அமிலப் பற்றரி மாதமொன்றுக்கு 5 முதல் 15 சதவீதம் வரை இழக்கலாம். வெப்பம் கூடினால் இந்த இழப்பும் கூடும்.

இங்குதான் நமது கரையோரத்துக்கே உரிய ஓர் ஆபத்து உள்ளது. வாடைக் காற்று வீசும் நவம்பர் முதல் பெப்ரவரி வரையான மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிப்பாக இருப்பதால், சிறிய படகுகள் பல நாட்கள் கரையில் இழுத்து வைக்கப்படுகின்றன. வலை மடித்து வைக்கப்படுகின்றது. இயந்திரம் கழற்றி மூடி வைக்கப்படுகின்றது. பற்றரியோ கடைசித் தொழில் நாளில் எந்த நிலையில் இருந்ததோ அதே அரைகுறை நிலையில் மூலையில் கிடக்கின்றது. காற்றுத் தணிந்து தொழில் தொடங்கும்போது அதனை எடுத்து ஓர் இரவு மின்னேற்றிவிட்டுக் கடலுக்குப் போகின்றோம். அந்த மூன்று மாதங்களில் அதன் ஆயுளில் பெரும்பகுதி போய்விட்டது என்பது நமக்குத் தெரிவதில்லை. 'கம்பனி மோசம்' என்று பற்றரியைத் தயாரித்தவரைக் குறை கூறுகின்றோம்.

ஆழமாக வடிய விடுவதும் பற்றரியைக் கொல்லும். வாகனங்களுக்கெனச் செய்யப்பட்ட பற்றரியின் தகடுகள் மெல்லியவை. அவை சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைத் தருவதற்கென வடிவமைக்கப்பட்டவை. இரவு முழுவதும் சிறுகச் சிறுக மின்சாரம் தருவதற்காக அல்ல. விளக்கு, கருவி முதலியவற்றுக்குத் தடித்த தகடுகள் கொண்ட, ஆழ வடிப்புக்கென்றே செய்யப்பட்ட பற்றரி பொருத்தமானது. எதுவாயினும் பாதிக்கு மேல் வடிய விடாதிருப்பதே நீண்ட ஆயுளுக்கான வழியாகும்.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். 10 மணித்தியால இரவுத் தொழிலில், வழிகாட்டு விளக்குகள் 1 அம்பியர் வீதம் 10 மணித்தியாலங்கள் எரிந்தால் 10 அம்பியர்-மணி செலவாகும். ஜீ.பி.எஸ்., மீன் காட்டும் கருவி ஆகியவை சேர்ந்து அவ்வாறே 10. வேலை விளக்கு 3 அம்பியர் வீதம் 6 மணித்தியாலங்களுக்கு 18. வானொலி கேட்கும் நிலையில் அரை அம்பியர் வீதம் 5. பேசும் வேளைகளுக்கு மேலும் 2. மொத்தம் 45 அம்பியர்-மணி. புதிய 100 அம்பியர்-மணிப் பற்றரியின் பாதி 50 என்பதால் இது தாங்கும். அதே பற்றரி பழசாகி அதன் உண்மையான கொள்ளளவு 60ஆகக் குறைந்திருந்தால், ஒரே இரவில் முக்கால் பங்கு வடிந்துவிடும். வெளியே எழுதப்பட்டிருக்கும் '100' என்ற எண் அப்படியே இருக்கும்; உள்ளே இருப்பது அதுவல்ல.

வெப்பமும் மற்றொரு பகை. ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வெப்பம் கூடும்போது ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணிப்பு. இயந்திரத்துக்கு ஒட்டியவாறும் நேரடி வெயிலிலும் பற்றரியை வைப்பவர்கள் இதனை மனதில் கொள்ள வேண்டும். பெரிய படகுகளில் இரண்டு 12 வோல்ற்றுப் பற்றரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ற்று எடுக்கும்போது, வானொலிக்காக ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற்றுக்கு வயர் இழுக்கும் வழக்கமும் உண்டு. இதனால் ஒரு பற்றரி எப்போதும் குறைவாக ஏற்றப்பட்டு இறுகிப்போகின்றது. மற்றையது எப்போதும் அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்டு நீரை இழந்து வரண்டுபோகின்றது. இரண்டுமே விரைவில் பழுதடைகின்றன. பழைய பற்றரியோடு புதியதைச் சோடி சேர்ப்பதும் இத்தகைய தவறே.

பச்சைப் பூப்பும் பயன்படாத இயந்திரமும்

பற்றரி நன்றாக இருந்தும் இயந்திரம் தொடங்காத சந்தர்ப்பங்கள் உள்ளன. உப்புக் காற்றுப் படும் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் தூளே அதற்குக் காரணம். பார்ப்பதற்கு அற்பமான இத்தூள் மின்னோட்டத்துக்குத் தடையாக நிற்கின்றது. தொடக்கி மோட்டார் 200 அம்பியர் இழுக்கும்போது முனையில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ற்று அங்கேயே தொலைந்துவிடும். 12 வோல்ற்றில் 10 மட்டுமே மோட்டாரைச் சென்றடையும். இழந்த வலு 400 உவாற்று வெப்பமாக அந்த முனையைச் சுட்டெரிக்கும். இயந்திரமும் தொடங்காது, முனையும் உருகும், அருகில் எரிபொருள் ஆவி இருந்தால் தீயும் பற்றலாம்.

இதற்கான மருந்து மலிவானது. அறைகளின் மூடிகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்த்து, அப்பச்சோடாவை நீரில் கரைத்து முனைகளின் மேல் ஊற்றிப் பழைய பல் தூரிகையால் தேய்த்து, நல்ல நீரால் கழுவித் துடைத்து, முனையை இறுக்கிப் பூட்டிய பின்னர் வாசலின் அல்லது கிறீஸ் பூச வேண்டும். கரைசலில் ஒரு துளியேனும் அறைக்குள் விழலாகாது. கழற்றும்போது முதலில் எதிர் முனையையும், பூட்டும்போது இறுதியாக எதிர் முனையையும் கையாள வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் சாவி உலோகத்தில் பட்டுப் பொறி பறக்க வாய்ப்புண்டு. வெறும் செப்பு வயரின் நுனி உப்புக் காற்றில் உள்ளே உள்ளே கறுத்துக்கொண்டு போகும் என்பதால், வெள்ளீயம் பூசிய செப்பு வயரே படகுக்கு ஏற்றது. பற்றரிக்கு அருகிலேயே உருகியும், கரையில் நிற்கும்போது அனைத்தையும் துண்டித்துவிடும் ஓர் ஆளியும் இருத்தல் அவசியம்.

கண்ணுக்குத் தெரியாத வாயு

பற்றரியின் மிகப்பெரிய ஆபத்து அது இறப்பதல்ல, வெடிப்பதாகும். மின்னேற்றத்தின் இறுதிக் கட்டத்தில் நீர் பிரிந்து ஐதரசன், ஒட்சிசன் ஆகிய வாயுக்கள் வெளியேறுகின்றன. ஐதரசனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பொறி பட்டவுடன் பற்றக்கூடியது. சிகரெட், நுளம்புச் சுருளின் நெருப்பு, ஆளியைத் தட்டும்போது எழும் சிறு பொறி ஆகிய எதுவும் போதும். வெடிக்கும்போது பிளாஸ்ரிக் துண்டுகளோடு அமிலமும் முகத்தை நோக்கிப் பாயும். கண்ணை இழப்பதற்கு ஒரு விநாடி போதுமானது.

பயிற்சி பெற்ற மாலுமிகளும் பொறியியலாளர்களும் நிறைந்த நீர்மூழ்கிக் கப்பல்களையே இந்த ஆபத்து விட்டுவைக்கவில்லை. 2010 பெப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் நின்ற இந்தியக் கடற்படையின் சிந்துரக்ஷக் நீர்மூழ்கியில், மின்கல வால்வு ஒன்றின் பழுதினால் கசிந்த ஐதரசன் வெடித்து ஒரு கடற்படை வீரர் உயிரிழந்தார். 2014 பெப்ரவரி 26ஆம் திகதி மும்பைக்கு அப்பால் சிந்துரத்னா நீர்மூழ்கியில் மின்கலப் பகுதியில் ஏற்பட்ட தீயினால் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தனர். அன்றைய தினமே இந்தியக் கடற்படைத் தளபதி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். 2017 நவம்பர் 15ஆம் திகதி ஆர்ஜென்ரீனாவின் சான் ஹூவான் நீர்மூழ்கி 44 பேருடன் மறைந்தது. காற்றுக் குழாய் வழியாகப் புகுந்த கடல்நீர் மின்கலத் தொகுதியில் குறுஞ்சுற்றை ஏற்படுத்தித் தீ மூட்டியதாக அதன் தளபதி அனுப்பிய தகவலே அதனிடமிருந்து வந்த இறுதித் தகவல்களில் ஒன்றாக அமைந்தது. ஓராண்டின் பின்னர் 900 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் அதன் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன.

கடல்நீரும் பற்றரியும் சேரலாகாது என்பதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அறைகளுக்குள் உப்புநீர் புகுந்தால் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரீன் வாயு உண்டாகும். மூடிய இயந்திர அறையில் அதனைச் சுவாசித்தால் நுரையீரல் பாதிக்கப்படும். ஆகவே பற்றரி படகின் அடியில் நீர் தேங்கும் இடத்தில் இருக்கக்கூடாது. உயரமான இடத்தில், மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில், அலையில் உருளாதவாறு பட்டியினால் கட்டி வைக்க வேண்டும். ஐதரசன் மேலெழும் என்பதால் பெட்டியின் மேற்பகுதியில் துளைகள் இருத்தல் வேண்டும். பெற்றோல் ஆவியோ கனமானது. அது படகின் அடியில் தேங்கும். எனவே எரிபொருட் தாங்கியும் பற்றரியும் அருகருகே இருப்பது எவ்வகையிலும் உகந்ததல்ல.

வீட்டில் மின்னேற்றுவோர் அதனைப் படுக்கையறையிலும் சமையலறையிலும் செய்யாதிருக்க வேண்டும். குழந்தைகள் நடமாடாத, காற்றோட்டமுள்ள தாழ்வாரம் போதுமானது. மின்னேற்றியை முதலில் பற்றரியில் பூட்டிய பின்னரே சுவரிலுள்ள ஆளியைப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் ஆளியை நிறுத்த வேண்டும். நீர்மட்டத்தைப் பார்ப்பதற்கு லைட்டரைக் கொளுத்துவது தற்கொலைக்கு ஒப்பானது. கைவிளக்கே பயன்படுத்தப்பட வேண்டும். அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 20 நிமிடங்கள் ஓடும் நல்ல நீரால் கழுவிக்கொண்டே இருந்து, உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மாதாந்தப் பரிசோதனை

பற்றரியைப் பராமரிக்கப் பொறியியல் அறிவு தேவையில்லை. தேவையானவை ஒரு பல்மானி, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு நீரமானி, ஒரு போத்தல் காய்ச்சி வடித்த நீர், சிறிது பொறுமை ஆகியவையே. மின்னேற்றி முடிந்து சில மணித்தியாலங்கள் ஓய்வாக விட்ட பின்னர் அளக்கும்போது, 12.6 அல்லது 12.7 வோல்ற்று இருந்தால் பற்றரி நிறைந்துள்ளது. 12.2 எனில் பாதி. 11.8 எனில் அது வெறுமையானது. இயந்திரம் ஓடும்போது பற்றரியின் முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் ஓல்டநேற்றர் மின்னேற்றவில்லை. அதற்கு மேலே போனால் அது பற்றரியைக் காய்ச்சுகின்றது.

பல்மானியைவிட நீரமானி நம்பகமானது. நிறைந்த பற்றரியின் அமில அடர்த்தி 1.265 முதல் 1.280 வரை இருக்கும், 1.190 அளவில் பாதி, 1.120 எனில் வெறுமை. ஆறு அறைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஐந்து அறைகள் ஒரே அளவைக் காட்ட, ஓர் அறை மட்டும் 0.050க்கு மேல் குறைந்து நின்றால் அந்த அறை செத்துக்கொண்டிருக்கின்றது என்று பொருள். அத்தகைய பற்றரியை நம்பி ஆழ்கடலுக்குப் போகலாகாது.

நீர்மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மாத்திரமே ஊற்ற வேண்டும். நமது கரையோரக் கிணற்று நீரில் உப்பு உண்டு. அது தகடுகளை அரித்துவிடும். வலு குறைந்த பற்றரிக்கு அமிலம் ஊற்றினால் உயிர் வரும் என்ற நம்பிக்கை சில இடங்களில் நிலவுகின்றது. இது முற்றிலும் பிழையானது. ஆவியாகிப் போவது நீரே தவிர அமிலமல்ல. மேலும் அமிலம் சேர்த்தால் அடர்த்தி கூடித் தகடுகள் விரைவில் சிதையும். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மாத்திரம் முதலில் நீர் ஊற்றி, மின்னேற்றி முடிந்த பின்னரே குறித்த மட்டம் வரை நிரப்ப வேண்டும். முன்கூட்டியே நிரப்பினால் மின்னேற்றும்போது அமிலம் பொங்கி வழியும்.

வாடைக் காலத்தில் படகைக் கரையேற்றும் நாளிலேயே பற்றரியைக் கழற்றி, முழுமையாக மின்னேற்றி, துடைத்து, நிழலில் வைத்து, மாதத்துக்கு ஒரு தடவை மீண்டும் ஏற்றினால் அடுத்த பருவத்தில் அது புதிது போல உழைக்கும். தொழிற் பருவத்தில், ஜும்ஆவுக்காகப் படகுகள் கரையில் நிற்கும் வெள்ளிக்கிழமைகளிலோ, வேறு ஓய்வு நாட்களிலோ கால் மணித்தியாலம் இதற்கு ஒதுக்கினால் போதுமானது.

எல்லாவற்றிலும் மேலாக, ஆழ்கடற் படகுகளில் இயந்திரத்தைத் தொடக்குவதற்கான பற்றரியும், விளக்கு, கருவி ஆகியவற்றுக்கான பற்றரியும் வெவ்வேறாக இருக்க வேண்டும். விளக்கு அணைந்தாலும் இயந்திரம் தொடங்கும் என்ற நிலையே பாதுகாப்பான நிலையாகும். சிறிய படகில் இதற்கு வசதியில்லையெனில், தனிப் பற்றரியில் இயங்கும் கைவிளக்கு ஒன்றையும், நீர் புகாத உறையில் அணைத்து வைக்கப்பட்ட, நிறைய மின்னேற்றிய கைத்தொலைபேசி ஒன்றையும் எடுத்துச் செல்லலாம். கடல் வானொலி உள்ளவர்கள், 16ஆம் அலைவரிசையே உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கு உரியது என்பதைப் படகில் செல்லும் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

புதிய வகைப் பற்றரிகள்

அண்மைக் காலமாக லிதியம் வகைப் பற்றரிகள் சந்தைக்கு வந்துள்ளன. அவை பாரம் குறைந்தவை. நீண்ட காலம் உழைப்பவை. நீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் அவற்றுக்குரிய கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்தமான மின்னேற்றியும் இல்லாமல், பழைய கைத்தொலைபேசி, மடிகணினி ஆகியவற்றிலிருந்து எடுத்த கலங்களைக் கோத்துச் செய்யப்பட்டவற்றை நாம் எச்சரிக்கையுடன் நோக்க வேண்டும். 2019 ஒக்டோபரில் நோர்வேயின் யிட்டரோய்னிங்கன் என்னும் பயணிகள் படகின் லிதியம் மின்கல அறையில் தீ ஏற்பட்டது. தீ அடங்கியதாகக் கருதப்பட்ட மறுநாள், அறையில் சேர்ந்திருந்த வாயுக்கள் வெடித்தன. அதற்கு முந்திய மாதம் கலிபோர்னியாக் கரையோரத்தில் கொன்செப்சன் என்னும் சுழியோடிகள் படகு இரவில் தீப்பற்றி 34 பேர் உயிரிழந்தனர். தீயின் தோற்றுவாய் உறுதியாக நிறுவப்படாவிடினும், ஒன்றாக மின்னேற்றப்பட்டுக் கொண்டிருந்த லிதியம் பற்றரிகளும் சந்தேகத்துக்குரியவையாகக் கூறப்பட்டன. உறங்கும் இடத்துக்கு அருகில், கவனிப்பார் இன்றி, எதனையும் மின்னேற்றலாகாது என்பதே இதிலிருந்து பெறும் பாடமாகும்.

செத்த பற்றரியும் கொல்லும்

பற்றரி பழசாகிய பின்னர் அதனை என்ன செய்கின்றோம் என்பது, கரையில் இருக்கும் பெண்களையும் குழந்தைகளையும் பாதிக்கும் கேள்வியாகும். மேற்காபிரிக்காவின் செனகல் நாட்டில், தலைநகர் டாக்காருக்கு அருகே தியாரோய் சூர் மேர் என்னும் மீனவ ஊர் உள்ளது. நம்மூர்களைப் போலவே முஸ்லிம் மக்கள் வாழும் ஊர் அது. அங்குள்ள கொல்லர்கள் பல ஆண்டுகளாகப் பழைய பற்றரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, மீன்வலைகளுக்குக் குண்டுகள் வார்த்து வந்தனர். ஈயத் துகள்கள் மண்ணில் கலந்தன. பின்னர் ஈயத்தின் விலை உயர்ந்தபோது, அந்த மண்ணைச் சலித்து ஈயம் எடுத்து விற்பது வருமானமாயிற்று. தாய்மார் குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டே மண் சலித்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையான காலத்தில் அவ்வூரில் 18 சிறுவர்கள் ஈய நஞ்சினால் உயிரிழந்தனர். காரணம் முதலில் எவருக்கும் விளங்கவில்லை.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அது குழந்தைகளின் மூளையைப் பாதித்து, கற்கும் ஆற்றலைக் குறைத்துவிடுகின்றது. இதன் காரணமாகவே இலங்கையில் 2002ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. பெற்றோலிலிருந்து அகற்றிய நஞ்சை நமது கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டி உருக்குவது எத்துணை அறியாமை! பழைய பற்றரியை உடைக்காமல், அமிலத்தை மண்ணிலோ களப்பிலோ ஊற்றாமல், முழுமையாக அப்படியே விற்பனையாளரிடம் ஒப்படைப்பதே முறையானது. அதற்குரிய பணத்தைப் புதிய பற்றரியின் விலையில் கழித்துத் தருமாறு கேட்டு வாங்கலாம்.

செய்ய வேண்டியவை

இவ்விடயத்தில் தனி மீனவர் ஒருவரால் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. ஒரு நீரமானியும் நல்ல மின்னேற்றியும் வாங்குவது ஒருவருக்குச் சுமையாகலாம். நாற்பது பேர் கொண்ட மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அது சுமையல்ல. ஒவ்வொரு சங்கத்திலும் பற்றரி பரிசோதிக்கும் கருவிகளும், அதனைக் கையாளத் தெரிந்த இளைஞர் இருவரும் இருப்பது சாத்தியமானதே. கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம் படகுகளைப் பரிசோதிக்கும்போது, உயிர்காப்பு அங்கியையும் இயந்திரத்தையும் பார்ப்பதோடு பற்றரி, முனைகள், உருகி, பெட்டி ஆகியவற்றையும் பார்க்கலாம். ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் உள்ளன. சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. இவற்றின் மாணவர்கள் வாடைக் காலத்தில் ஒரு வார இறுதியைக் கரையில் செலவிட்டால், அட்டாளைச்சேனை, பாலமுனைப் படகுகளின் பற்றரிகள் அனைத்தையும் பரிசோதித்துவிட முடியும். அறிவித்தல் செய்வதற்குப் பள்ளிவாசல்களும் கோவில்களும் ஆலயங்களும் ஒத்துழைக்கத் தயங்கமாட்டா என்பது நமது நம்பிக்கை.

பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் புதிய பற்றரியின் விலை ஒரு சிறு மீனவரின் பல நாள் வருமானத்தை விழுங்கும் நிலையில் உள்ளது. இரண்டு ஆண்டுகளில் சாக வேண்டிய பற்றரியை நான்கு ஆண்டுகள் உழைக்க வைப்பது அவரது வீட்டுக்கு நேரடியான இலாபமாகும். அதற்கு மாதத்துக்கு ஒரு கால் மணித்தியாலமும், ஒரு போத்தல் நீரும், சிறிது அப்பச்சோடாவும் போதும். ஆனால் இக்கணக்கில் பணத்தை மாத்திரம் சேர்த்துப் பார்ப்பது போதாது. இருண்ட கடலில் இயந்திரத்தைத் தொடக்கத் திறப்பைத் திருப்பும் ஒருவருக்கு, பற்றரியின் வலு என்பது வீடு திரும்பும் வழியாகும். அந்த வழி திறந்திருக்கின்றதா என்பதைக் கரையில் இருக்கும்போதே பார்த்துக்கொள்வது ஒவ்வொரு படகு உரிமையாளரின் கடமை என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.